மேகப் புரட்டும் பஞ்சாங்கப் புரட்டும்

நமது கொங்கு நாட்டில் ஆனி, ஆடி மாதங்களில் நாலு பேர் கூடுகின்ற இடத்தில் வேறு எந்தப் பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் "மோடம் போட்டிருக்கின்றதே, மழை வருமா?" என்கின்ற பேச்சு மாத்திரம் நடக்காமலிருப்பதில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு மூலையில் வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிகவும் அதிகமாக மழை பெய்கின்ற இடங்களில் ஒன்று. அதே ஜில்லாவில் கோயமுத்தூர் பட்டணத்திற்கு வருஷம் முழுவதும் சேர்ந்து கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டர்தான். மேற்கு மலையானது வருகின்ற மேகத்தையெல்லாம் தன் பக்கத்திலேயே பிழிந்து எடுத்துக்கொண்டு, சக்கைக் காற்றைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் தள்ளிவிடுகின்றது. அந்தக் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை சுற்றுகின்றதே ஒழிய, காங்கயத்திலும் தாராபுரத்திலும் மானாவாரிக் காடு நனைவதில்லை. ஆகவே ஒரு குடியானவன் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு விதைப்பதா, இன்னும் எட்டு நாள் பொறுப்பதா என்று முடிவு செய்வதென்பது வேடிக்கைப் பேச்சல்ல. விதைக் காசும் டிராக்டர் வாடகையும் கூலியும் அந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. முடிவு தப்பினால் கடன்காரன் வாசலுக்கு வருவது தப்பாது.

இந்த முடிவைச் செய்வதற்கு அவனுக்கு இன்று மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று பஞ்சாங்கம். இரண்டாவது, பஞ்சாங்கம் பலிக்காதபோது செய்யப்படும் வருண ஜபம், யாகம், கொடும்பாவி இழுத்தல், கழுதைக்குக் கல்யாணம் முதலிய கூத்துக்கள். மூன்றாவது, டெலிவிஷனிலும் செல்போனிலும் வருகின்ற மேகப்படம். முதல் இரண்டையும் பற்றி நம்முடைய அபிப்பிராயம் என்ன என்பது நமது வாசகர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆனால் இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது மூன்றாவதைப் பற்றியேயாகும். மேகப்படம் உண்மையானது, மனிதனுடைய அறிவின் பெரிய வெற்றி. ஆனாலும் அதைப் பார்க்கத் தெரியாமல் பார்த்தால் அதுவும் ஒரு பஞ்சாங்கமாகத்தான் போய்விடும். படத்தில் கொங்கு நாடு பூராவும் வெள்ளையாகத் தெரிகின்றதைப் பார்த்து "ஆஹா! மழை வந்துவிட்டது" என்று ஒருவன் விதைக்கின்றான். மழை வருவதில்லை. உடனே திண்ணையில் இருக்கின்ற பெரியவர், "பார்த்தாயா, சயன்சும் பொய் சொல்லுகின்றது, பஞ்சாங்கமும் பொய் சொல்லுகின்றது, ஆகையால் நம் முன்னோர்களுடைய பஞ்சாங்கமே மேல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார். இந்தத் தீர்ப்பில் உள்ள புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வெள்ளை எது என்று பார்ப்போம்.

மேகங்களெல்லாம் ஒரே ஜாதியல்ல. (ஜாதி என்றவுடன் மேல் ஜாதி, கீழ் ஜாதி என்று எண்ணவேண்டாம். இங்கே மேலே இருப்பதுதான் உபயோகமற்றது. கீழே இருப்பதுதான் உழைத்து மழை கொடுக்கின்றது.) நாம் மோடம் என்று சொல்லுகின்ற கீழ் மேகம் தண்ணீர்த் துளிகளாலானது. நம் தலைக்கு மேல் 6 கிலோமீட்டர் முதல் 18 கிலோமீட்டர் வரையில், அதாவது ஆனைமுடிச் சிகரத்தைப் போல் இரண்டு மடங்கு முதல் ஆறேழு மடங்கு வரை உயரத்தில், மற்றொரு வகை மேகம் இருக்கின்றது. அங்கே குளிர் பனிக்கட்டிக்கும் கீழே 40, 60, சில சமயம் 80 டிகிரி. ஆகையால் அந்த மேகம் முழுவதும் ஐஸ் பொடியேயாகும். பஞ்சைக் கொட்டி வில்லால் அடித்து இழுத்துவிட்டாற்போல் மெல்லிய இழை இழையாக அது தெரியும். 1802ம் வருஷத்தில் லண்டன் பட்டணத்தில் மருந்துக் கடை வைத்திருந்த லூக் ஹோவார்டு என்பவர் மேகங்களுக்கு வகை பிரித்துப் பெயர் வைத்தபோது இதற்கு 'சிர்ரஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீன் பாஷையில் மயிர்ச்சுருள் என்று அர்த்தம். அவர் ரிஷியுமல்ல, ஞானதிருஷ்டி உள்ளவருமல்ல. மாத்திரை விற்கின்ற வியாபாரி. ஆனாலும் அவர் செய்த வகைதான் இன்றும் உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கின்றது.

இந்த ஐஸ் மேகத்திலிருந்து விழுகின்ற பொடி தரைக்கு வந்து சேர்வதில்லை. நடுவழியிலேயே ஆவியாய்ப் போய்விடுகின்றது. ஆகவே நம் தலைக்கு மேலே இது எவ்வளவு இருந்தாலும் ஒரு செடிக்கும் பிரயோஜனமில்லை. பெரும்பாலும் இது நம்முடைய மேகமே அல்ல. எங்கேயோ வங்காளக் கடலிலோ ஆந்திரக் கரையிலோ பெரிய இடிமேகம் பொங்கி, அதன் தலை மேலே போய் முட்டி, அங்கிருந்து காற்றில் பரவி நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்ததாக இருக்கும். அடுத்த ஊர்க் கல்யாண வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்து நம் வீட்டில் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எப்படியோ, அப்படித்தான் இதைப் பார்த்து விதைப்பதும்.

இதை நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக யாரும் நம்பவேண்டியதில்லை. ஆடி மாதத்தில் கீழ் மேகம் கொஞ்சம் விலகி இடைவெளி தெரிகின்ற ஒரு நாளில் மேலே பாருங்கள். கீழே உள்ள மேகம் கணவாய்க் காற்றில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதற்கு மேலே மெல்லிய மேகம் கண்ணில் பட்டால், அது கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருக்கும். ஒரே வானத்தில் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு போக்குவரத்து! தென்மேற்குப் பருவத்தில் நமது தேசத்தின் தென்பாகத்திற்கு மேல் வெகு உயரத்தில், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகின்றது. இதை 1950களில் ஆராய்ந்து உலகத்திற்கு எடுத்துக் காட்டியவர் நமது வானிலை இலாகாவைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம் என்பவர். ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாயு பகவானுக்குப் பூசை செய்துவந்த தேசத்தில், அவர் கீழே ஒரு திசையிலும் மேலே எதிர்த் திசையிலும் ஓடுகின்றார் என்கின்ற சங்கதி, பலூனைப் பறக்கவிட்டு அளந்து பார்க்கின்ற வரையில் எந்தப் பூசாரிக்கும் தெரியவில்லை.

நிற்க. மேலேயிருந்து மேகத்தைப் பார்க்கின்ற வேலை 1960ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1ந் தேதி ஆரம்பமாயிற்று. அன்று அமெரிக்கர்கள் டைரோஸ்-1 என்ற செயற்கைக்கோளை விட்டார்கள். அது 78 நாள்தான் வேலை செய்தது. ஆனாலும் மேகக் கூட்டங்களை வானத்திற்கு மேலே இருந்து படமெடுக்கலாம் என்பது அந்த 78 நாளில் ருஜுவாகிவிட்டது. நமது தேசத்திற்கு 1983ல் இன்சாட்-1பி வந்தது. அதற்கு வானிலை வேலைக்கு இரண்டு கண்கள்தான். சூரிய வெளிச்சத்தில் பார்ப்பது ஒன்று, உஷ்ணத்தைப் பார்ப்பது ஒன்று. 2002ம் வருஷம் செப்டம்பரில் மேலே போய், மறு வருஷம் கல்பனா என்று பெயர் மாற்றப்பட்ட கோளுக்கு மூன்று. 2013ல் போன இன்சாட்-3டி, 2016ல் போன 3டிஆர், 2024ம் வருஷம் பிப்ரவரி 17ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன 3டிஎஸ் ஆகியவற்றிற்கு ஆறு கண்கள். இவை பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் தூரத்தில், நம் தேசத்தைப் பார்த்தபடியே நிலையாக நின்று அரைமணிக்கு ஒரு படம் அனுப்பக் கூடியவை.

ஒரு கண் போதாதா, ஆறு கண் என்னத்திற்கு என்று கேட்கலாம். இங்கேதான் மேகத்தின் புரட்டு இருக்கின்றது.

வெளிச்சத்தில் எடுக்கின்ற படம் நம் கண் பார்ப்பது போலத்தான். கனத்த மேகம் வெள்ளையாகத் தெரியும். மெல்லிய ஐஸ் மேகம் கண்ணாடித் துணி மாதிரி, அதனூடே தரை தெரிவதால் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. இராத்திரியில் இந்தக் கண் குருடு. ஆகையால் இரவும் பகலும் பார்ப்பதற்காக அகச்சிவப்பு என்று சொல்லப்படும் உஷ்ண ஒளியில் ஒரு படம் எடுக்கின்றார்கள். தரையும் மேகமும் அதனதன் சூட்டிற்குத் தக்கபடி இந்த ஒளியை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. சூடானதைக் கறுப்பாகவும் குளிர்ந்ததை வெள்ளையாகவும் படத்தில் காட்டுவது வழக்கம். உயரப் போகப் போகக் குளிர் அதிகம் என்பதால் இந்தப் படத்தில் வெள்ளை என்றால் உயரம் என்று அர்த்தம். ஜனங்கள் டெலிவிஷனில் பெரும்பாலும் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். ஆனால் அவர்கள் வெள்ளை என்றால் மழை என்று எண்ணிக்கொள்ளுகின்றார்கள். ஜனங்களை என்ன சொல்வது? பண்டிதர்களே ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். ஆர்க்கின் என்ற அமெரிக்கர் 1979ல் ஒரு விதி சொன்னார். மேகத்தின் தலை பூஜ்யத்துக்குக் கீழே 38 டிகிரிக்கு மேற்பட்ட குளிரில் இருந்தால் மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள் என்பது அந்த விதி. கடல் போன்ற பெரிய பிரதேசத்தின் சராசரிக்கு அது நல்ல கணக்குத்தான். நமது இன்சாட் படங்களைக்கொண்டும் அந்த முறையில் மழைக் கணக்குப் போட்டு வந்திருக்கின்றார்கள். ஆனால் ஒரு கிராமத்திற்கு அதை வைத்துப் பார்த்தால் இரண்டு விதமாகவும் மோசம் போகவேண்டியதுதான். ஐஸ் மேகம் மாத்திரம் இருக்கின்ற காங்கயத்தில் மழை பெய்வதாகக் கணக்குச் சொல்லும். மலைச் சரிவில் முட்டிக்கொண்டு அதிக உயரம் போகாமலேயே கொட்டித் தீர்க்கின்ற மேகத்தின்கீழ் வால்பாறை முழுகிக்கொண்டிருக்கும்போது, மேகத்தின் தலையில் போதுமான குளிர் இல்லை என்பதால் அங்கே மழையில்லை என்று சொல்லும்.

இப்படி மேகம் தன்னை ஏமாற்றுகின்றது என்று தெரிந்தவுடன் விஞ்ஞானி என்ன செய்தான்? மேகத்திற்கு சாந்தி செய்தானா? அல்லது தன் விதியை எழுதியவர் பெரிய மகான், அதில் குற்றம் கண்டால் பாவம் என்று சொன்னானா? அவன் அந்தத் திருடனைப் பிடிக்க வழி தேடினான். வழி இதுதான்: உஷ்ண ஒளியிலேயே ஒன்றுக்கொன்று மிகவும் அடுத்த இரண்டு அலைகள், ஒன்று சுமார் 11 மைக்ரான், மற்றது சுமார் 12 மைக்ரான். ஐஸ் பொடியானது 12 மைக்ரான் அலையைச் சற்று அதிகமாக விழுங்கும். 11 மைக்ரான் அலையைச் சற்று அதிகமாக வெளியே விடும். ஆகவே மெல்லிய ஐஸ் மேகத்தினூடே ஒரே இடத்தை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒரு கண் தரையின் சூட்டை அதிகமாகக் காணும், இன்னொரு கண் குறைவாகக் காணும். இரண்டிற்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். கனத்த மழை மேகமாயிருந்தால் இரண்டு அலையும் அடியிலிருந்து வர முடியாது. இரண்டு கண்ணும் மேகத்தின் தலையை மாத்திரமே பார்க்கும். வித்தியாசம் அனேகமாக இராது. காற்றிலுள்ள ஈரமும் கொஞ்சம் வித்தியாசம் உண்டாக்கும் என்பதால் அதற்கு ஒரு அளவு வைத்துக் கழித்துக்கொள்ளவேண்டும். ஜப்பானில் இனவே என்பவர் 1985ல் இந்த யுக்தியை நன்றாக விளக்கிக் காட்டினார். இன்சாட்-3டி முதற்கொண்டு நமது கோள்களுக்கும் இந்த இரட்டைக் கண் வைக்கப்பட்டிருக்கின்றது. கள்ள ரூபாய் நோட்டை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பது போன்ற வேலைதான் இது. ஆனால் 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பிடித்துப் பார்க்கப்படுகின்றது.

இன்னொரு யுக்தி இதைவிட வேடிக்கையானது. சூரிய வெளிச்சத்தில் 1.38 மைக்ரான் என்ற ஒரு அலை இருக்கின்றது. அதைக் காற்றிலுள்ள நீராவி முழுவதும் குடித்துவிடும். ஆகவே அந்த அலையில் படமெடுத்தால் தரை, மரம், வீடு, கீழ் மேகம் எல்லாம் இருட்டு. நீராவி அனேகமாக இல்லாத உயரத்தில் உள்ள ஐஸ் மேகம் மாத்திரம் கறுப்புச் சீலையில் ஒட்டிய பஞ்சுபோல் பளிச்சென்று தெரியும். 1990களில் கண்டுபிடிக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட இந்த முறையை 1999ல் போன டெர்ரா, 2013ல் போன லேண்ட்சாட்-8 ஆகிய அமெரிக்கக் கோள்களில் வைத்தார்கள். நம் கண்ணுக்கு அடியோடு தெரியாத மெல்லிய மேகமும் இதில் அகப்பட்டுக்கொள்ளும். அதிலும் தப்பக்கூடியதை, 2006 முதல் 2023 வரையில் வேலை செய்த காலிப்சோ என்ற கோள், லேசர் ஒளியை மேலேயிருந்து கீழே பாய்ச்சி அடுக்கடுக்காக உயரத்தை அளந்து காட்டிற்று.

தரையிலிருந்தும் இதைச் செய்கின்றார்கள். திருப்பதிக்குச் சமீபத்திலுள்ள காதங்கி என்ற ஊரில் ஒரு சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்கே 1998ல் ஜப்பானியர்களின் ஒத்துழைப்போடு லேசர் கருவி ஒன்று வைக்கப்பட்டது. இருட்டிய பிறகு வானத்தை நோக்கி அந்த ஒளியை விட்டு, அது ஐஸ் மேகத்தில் பட்டுத் திரும்பி வருகின்ற நேரத்தைக்கொண்டு, மேகம் எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு கனத்தில் இருக்கின்றது என்று கணக்கெடுத்து வந்திருக்கின்றார்கள். திருப்பதி என்றவுடன் வாசகர்களுக்கு வேறொரு சங்கதியும் ஞாபகத்திற்கு வரலாம். ராக்கெட் விடுகின்ற இலாகாவின் பெரிய அதிகாரிகள், ராக்கெட் விடுவதற்கு முன்பு அதைப் போன்ற ஒரு சிறு பொம்மையை எடுத்துக்கொண்டு திருப்பதி மலைக்குப் போய் வெங்கடாசலபதியின் காலடியில் வைத்து எடுத்து வருவதைப் பத்திரிகைகளில் படத்தோடு பார்த்திருக்கின்றோம். இந்தப் படங்களையும் பார்த்துத்தானே குடியானவன் கற்றுக்கொள்ளுகின்றான்? கணக்கும் இரும்பும் எண்ணெயும் கொண்டு கோளை மேலே அனுப்புகின்றவரே பொம்மைக்குப் பூசை செய்தால், மழைக்குக் கழுதைக் கல்யாணம் செய்கின்றவனை நாம் எந்த முகத்தோடு கண்டிப்பது? இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலிருக்கின்றன. ஒன்றிலிருந்து மேலே போகின்ற ஒளி திரும்பி வந்து கணக்குச் சொல்லுகின்றது. மற்றதற்குப் போகின்ற காணிக்கை திரும்பி வந்து கணக்குச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இனிப் பஞ்சாங்கத்திற்கு வருவோம். பஞ்சாங்கத்திலும் மேக சாஸ்திரம் இருக்கின்றது. மேகங்கள் ஒன்பதாம். சம்வர்த்தம், ஆவர்த்தம், புஷ்கலம், துரோணம், காளம், நீலம் என்று பெயர்கள் போகின்றன. வருஷத்தின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு இந்த வருஷத்திற்கு இந்த மேகம் என்று எழுதிவிடுவார்கள். மேலும் மேகாதிபதி என்று ஒரு உத்தியோகம் உண்டு. சூரியன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிரவேசிக்கின்ற கிழமை எதுவோ, அந்தக் கிழமைக்குரிய கிரகத்திற்கு அந்த வருஷம் அந்த உத்தியோகம். பிறகு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படும். பூமியில் என்றால் எந்தப் பூமி? சின்னக்கல்லாறா, சூலூரா? மரக்கால் என்றால் யாருடைய மரக்கால், எத்தனை நாளில்? ஒரு சங்கதியும் கிடையாது. கோயமுத்தூரில் அச்சான பஞ்சாங்கமும் கும்பகோணத்தில் அச்சான பஞ்சாங்கமும் ஒரே சூத்திரத்தின்படி ஒரே மேகத்தைத்தான் சொல்லவேண்டும். இந்த ஒன்பது மேகத்தில் ஐஸ் மேகம் எது, தண்ணீர் மேகம் எது என்று எந்தப் பஞ்சாங்கக்காரராவது சொல்லட்டும். சொன்னால், அதை இன்சாட் படத்தோடு ஒத்துப் பார்க்கலாம். ஆனால் ஒத்துப் பார்க்க முடியாதபடி எழுதுவதில்தான் அந்தத் தொழிலின் ரகசியமே இருக்கின்றது.

பஞ்சாங்கமாவது நாலு காசோடு போய்விடும். யாகம் அப்படியல்ல. 2019ம் வருஷம் கோடையில் தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்தபோது, இந்து அறநிலைய இலாகாவிலிருந்தே கோயில்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. மழைக்காக யாகமும் வருண ஜபமும் செய்யவேண்டியது. நந்தியின் கழுத்து வரையில் தண்ணீர் நிரப்பி வைக்கவேண்டியது. அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி முதலிய ராகங்களை வாசிக்கவேண்டியது என்று அதில் கண்டிருந்தது. குடிக்கத் தண்ணீரில்லாத காலத்தில் கல்லு மாட்டிற்குக் கழுத்துவரை தண்ணீர்! ஜூன் மாதத்தில் மந்திரிகளே கோயில்களில் யாகத்தில் உட்கார்ந்தார்கள். பலன் என்ன? அந்த ஜூன் மாதத்தில் தேச முழுவதிலும் பெய்த மழை வழக்கத்தைவிட 100க்கு 33 பங்கு குறைவு. பிறகு ஆகஸ்டில் மழை கொட்டிற்று. யாகம் சற்றுத் தாமதமாகப் பலித்தது என்று சொல்லுவார்களானால், அது எங்கே கொட்டிற்று என்பதையும் சொல்லவேண்டும். நீலகிரியில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல்! கோயமுத்தூரில் வருஷம் முழுவதும் பெய்வதைவிட அதிகம். மண் சரிந்தது, பாதை அறுந்தது, உயிர்களும் போயின. யாகம் செய்தது மழைக்குத் தவித்தவன். மழை விழுந்தது வேண்டாமென்று கத்தியவன் தலையில். இது கடவுள் செயலானால் கடவுளுக்கு விலாசம் பார்க்கத் தெரியவில்லை என்றுதானே ஏற்படும்? அந்த வருஷப் பருவமழை முடிந்தபோது தேச முழுவதற்கும் வழக்கத்திற்கு 100க்கு 10 பங்கு அதிகமாகவே இருந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் நெய் ஊற்றியதனால்தான் வடநாட்டிலும் வெள்ளம் வந்தது என்று சொல்வார்களானால் அந்தச் சேதத்திற்கு நஷ்டஈடும் அவர்களிடமே கேட்கவேண்டியதாகும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர், "விஞ்ஞானிகள் சொல்வதும்தான் தப்பிப் போகின்றதே, மழை வரும் என்கின்றார்கள், வெயில் அடிக்கின்றது" என்று சொல்லக்கூடும். வாஸ்தவம். தப்பிப் போகத்தான் செய்கின்றது. நாம் அதை மறைக்கவில்லை, அவர்களும் மறைக்கவில்லை. மேலே நாம் சொன்ன சரித்திரம் முழுவதும் தப்பின் சரித்திரமேயாகும். வெளிச்சப் படம் போதவில்லை, உஷ்ணப் படம் வந்தது. உஷ்ணப் படத்தை ஐஸ் மேகம் ஏமாற்றிற்று, இரட்டை அலை வந்தது. அதற்கும் தப்பிய மேகத்திற்கு லேசர் வந்தது. இரண்டு கண் மூன்றாகி ஆறாயிற்று. பஞ்சாங்கத்தில் மேகம் அன்றைக்கும் ஒன்பது, இன்றைக்கும் ஒன்பது. ஒரு வருஷமாவது பஞ்சாங்கக்காரர், "போன வருஷம் நாம் எழுதிய மரக்கால் தப்பாய்ப் போயிற்று, காரணம் இன்னது, இந்த வருஷம் சூத்திரத்தை இப்படித் திருத்தியிருக்கின்றோம்" என்று ஒரு வரி அச்சுப் போட்டதுண்டா? திண்ணைப் பெரியவர் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கின்றார். ஒன்று தன் தப்பைத் தானே எழுதி வைத்துக்கொண்டு திருத்துகின்றது என்பதையும், மற்றது எழுதுவதே கிடையாது என்பதையும் அவர் தராசில் போடவில்லை.

இதோடு வேறொன்றையும் சொல்லியாகவேண்டும். பழைய சங்கதி என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும் என்பது நமது கொள்கையல்ல. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழைக்கு அடையாளம் என்று நம் கிராமத்தார் சொல்லுவார்கள். அதிலும் கோட்டை எட்டக் கட்டினால் மழை கிட்ட வரும் என்பார்கள். இது புரோகிதன் சொல்லிக் கொடுத்ததல்ல. இராத்திரியில் தண்ணீர் கட்டப் போனவன் கண்ணால் பார்த்துச் சொன்னது. அந்தப் பெரிய கோட்டை என்பது ஐஸ் மேகத்தினாலேயே உண்டாகின்றது. ஆறு பட்டையுள்ள ஐஸ் துணுக்குகளில் வெளிச்சம் புகுந்து வளைந்து வெளியே வருவதனால், நிலாவிலிருந்து 22 டிகிரி தூரத்தில் வட்டம் விழுகின்றது. கையை நீட்டி விரலை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின்மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தில் போய் நிற்கும். கடலில் புயல் கூடும்போது அதன் தலையிலிருந்து கிளம்பிய ஐஸ் மேகம் முன்னால் ஓடி வருமாதலால், சில சமயம் கோட்டையைத் தொடர்ந்து மழையும் வரும். சில சமயம் ஐஸ் மேகம் மாத்திரம் வந்துவிட்டுப் போகும். எப்போது வரும், எப்போது வராது என்று பிரித்துச் சொல்ல அந்தக் குடியானவனுக்கு 36,000 கிலோமீட்டர் உயரத்தில் கண் இல்லை. அவன் விட்ட இடத்திலிருந்துதான் செயற்கைக்கோள் ஆரம்பிக்கின்றது. ஆகவே அவனும் அளந்து பார்க்கின்றவனும் ஒரே கட்சிதான்.

ஐஸ் மேகத்திற்கு மழையில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. மெல்லிய ஐஸ் மேகம் பகலில் சூரிய வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். பூமியிலிருந்து வெளியே போகின்ற உஷ்ணத்தை மாத்திரம் தடுக்கும். கம்பளி போர்த்தியது போல். உலகத்தின் சூடு ஏறிக்கொண்டு வருகின்ற இக்காலத்தில் இந்தக் கம்பளி எவ்வளவு பரப்பு, எவ்வளவு கனம் என்று தெரியாமல் அடுத்த முப்பது வருஷக் கணக்கைப் போட முடியாது. ஆகாய விமானம் போன வழியில் நிற்கின்ற வெள்ளைக் கோடும் இதே ஐஸ் மேகந்தான். யாரோ விஷம் தெளிக்கின்றார்கள் என்று செல்போனில் வருகின்ற வதந்தியை நம்பவேண்டாம்.

சர்க்காரை நாம் கேட்பது இதுதான். இன்சாட்-3டிஎஸ் முழுவதும் புவி அறிவியல் இலாகாவின் பணத்தில், அதாவது ஜனங்களின் வரிப் பணத்தில் போனது. அது அனுப்புகின்ற படத்தின்மேல் இங்கிலீஷ் எழுத்துக்களும் எண்களும் இருக்கின்றன. பல்லடத்துக் குடியானவனுக்கு அது சமஸ்கிருத மந்திரத்திற்கு எந்த விதத்தில் மேல்? கோயமுத்தூரிலேயே விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதில் வானிலை ஆராய்ச்சிக்குத் தனி நிலையம் இருக்கின்றது. விவசாயிகளுக்கு யோசனையும் சொல்லுகின்றார்கள். யோசனை சொல்வது நல்லதுதான். ஆனால் "இன்றைக்கு விதை, நாளைக்கு விதைக்காதே" என்று முடிவை மாத்திரம் சொல்லிக்கொண்டிருந்தால், சொல்லுகின்றவர் கோட்டுப் போட்ட புரோகிதராகவும் கேட்கின்றவன் பழைய பக்தனாகவுமே இருந்துவிடுவார்கள். டெலிவிஷனில் கோலால் காட்டிப் பேசுகின்றவர், இது எந்தக் கண்ணில் எடுத்த படம் என்று ஒரு வார்த்தை தமிழில் சொன்னால் அவர் வாய் முத்து உதிர்ந்துவிடாது. எட்டாவது வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும்.

அதுவரையில் வாசகர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். வானிலை இலாகா வெளியிடுவதில் ஒரு படத்தை மாத்திரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில், ஒரே நேரத்தில் எடுத்த வெளிச்சப் படத்தையும் உஷ்ணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உஷ்ணப் படத்தில் வெள்ளையாகவும் வெளிச்சப் படத்தில் மங்கலாகவும் இருந்தால் அது ஐஸ் மேகம். விதைப் பெட்டியைத் திறக்கவேண்டாம். வெளிச்சப் படத்தில் வெள்ளையாகவும் உஷ்ணப் படத்தில் சாம்பல் நிறமாகவும் இருந்தால் கீழ் மேகம். பொள்ளாச்சிப் பக்கம் சாரல் இருக்கலாம், மலைமேல் பெருமழையாகவும் இருக்கலாம். இரண்டிலும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கனத்த இடிமேகம். அதிலும், சித்திரை, வைகாசிச் சாயங்காலங்களில் அதன் தலை கொல்லன் பட்டறைக் கல்லைப் போல் தட்டையாகப் பரந்து வெகு தூரம் போகும். மழை அதன் நடுவயிற்றுக்குக் கீழேதான், ஓரத்தில் இல்லை. இராத்திரியில் வெளிச்சப் படம் கிடைக்காது. அப்போது இந்தச் சோதனை செய்ய முடியாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் அன்று உங்கள் ஊரில் பெய்தது எவ்வளவு என்றும் எழுதி வாருங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது பத்தியாகப் பஞ்சாங்கத்திற்கும் ஒரு இடம் விட்டு வையுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சாங்கக்காரரை அழைத்து, ஆடி மாதத்து 31 நாளில் எந்தெந்த நாளில் எந்த மேகம், எத்தனை மரக்கால் என்று ஆனி மாதக் கடைசியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.